கட்டுச்சோற்றுடன் தஞ்சைக்கு



ஆண்டுக்கொருமுறை உங்கள் வகுப்பில் ஒரு தாள் சுற்றி வருவதுண்டு. சுற்றுலாவிற்கு வர விரும்புவோர் அதில் பெயர் எழுதவேண்டும். பெயருக்கு எதிரே பணம் கட்டும் நாளையும் குறிக்கவேண்டும். அத்தாள் வரிசை வரிசையாகக் கடந்து செல்லும்போது யாரேனும் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமலே அடுத்தவரிடம் நகர்த்திவிடுவார். காரணம் கேட்டால், "எனக்கு ஊர் சுற்றுவதில் விருப்பமில்லை" என்பார். அவருக்கு விருப்பம் உண்டு. வீட்டில் பணம் இல்லை. இன்றைய என் பேச்சு அந்த மாணவருக்கும் அந்த மாணவிக்கும் உரியது.

பள்ளிபாளையத்தை எண்ணிப் பாருங்கள். காவிரியின் கிழக்குக் கரையில் அமைந்த ஊர், மறுகரையில் ஈரோடு. காகித ஆலையின் புகைபோக்கி ஒருபுறம், விசைத்தறிகளின் ஓசை மறுபுறம். நூலின் விலை ஏறினால் பல வீடுகளில் வரவு குறையும். துணி தேங்கினால் தறி நிற்கும். அத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளை சுற்றுலாவிற்குப் பணம் கேட்கத் தயங்குவது இயல்பே. ஆனால் அந்தத் தயக்கம் நாளடைவில் ஒரு கொள்கையாகவே மாறிவிடுகிறது. பழம்பெரும் நகரங்களும் அரண்மனைகளும் கோவில்களும் பணம் உடையோர் பார்ப்பதற்கே இருக்கின்றன. நமக்குப் பாடநூலில் உள்ள படமே போதும் என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். அம்முடிவு தவறானது. அது தவறு என்பதற்குச் சான்று வரலாற்றிலேயே இருக்கிறது. பள்ளிபாளையத்தைத் தொட்டுச் செல்லும் அதே காவிரி வளப்படுத்தும் தஞ்சை நகரையே அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில், கையில் பொருளில்லாதவர் பழங்காலத்தில் எவ்வாறு பயணம் செய்தனர் என்று பார்ப்போம். இருப்பூர்தி வருவதற்கு முன் நம் நாட்டில் நெடுந்தொலைவு சென்றவருள் பெரும்பாலோர் நடந்தே சென்றனர். கட்டுச்சோறு தீர்ந்தபின் அவர்களைத் தாங்கியவை சத்திரங்களே. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் விளங்கும் சத்திரத்தை அறியாதார் இலர். தஞ்சையை 1676 முதல் ஆண்ட மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் நெடுவழியில் சத்திரங்கள் பலவற்றை நிறுவினர். அவற்றுள் பல அரசியரின் பெயரைத் தாங்கின. நீடாமங்கலத்துச் சத்திரம் யமுனாம்பாள் பெயரால் அமைந்தது. ஒரத்தநாட்டுச் சத்திரம் முத்தாம்பாள் பெயரால் அமைந்தது.

1799ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோசி மன்னர் தம் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்புவிக்க நேர்ந்தது. தஞ்சைக் கோட்டையளவில் அவர் உரிமை சுருங்கிப்போயிற்று. நாட்டை இழந்த மன்னர் தமக்கென்று எதைக் கேட்டிருப்பார் என்று நாம் நினைப்போம்? 1801ஆம் ஆண்டில் அவர் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய மடல் ஒன்று கிடைத்துள்ளது. சத்திரங்களின் அறம் தடைப்படாமல் நடைபெறவேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். அச்சத்திரங்களில் நடைபெற்றவற்றை அம்மடல் விரித்துரைக்கிறது. வழிப்போக்கருக்குச் சோறு, நோயுற்றோருக்கு மருத்துவம், கருவுற்ற பெண்களுக்குப் பேணுகை, பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும். அவை சாதி வேற்றுமையை ஒழித்த இடங்கள் என்று சொல்லுதல் பொருந்தாது. சமைப்பதிலும் உண்பதிலும் அக்காலத்து வேற்றுமைகள் இருந்தன. எனினும் பசித்து வந்தவர் எவ்வகுப்பினராயினும் அவருக்குச் சோறு உண்டு என்பது அங்கே நெறியாக இருந்தது. பொருளில்லாப் பயணியை ஒரு சுமையாகக் கருதாமல், அவனை எதிர்பார்த்தே ஏற்பாடு செய்து வைத்திருந்த நாடு தஞ்சை நாடு என்பது இதனால் விளங்கும்.

அடுத்து வந்தது இருப்பூர்தி. நாகப்பட்டினத்திற்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே 1860களின் தொடக்கத்தில் பாதை அமைந்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் அது காவிரிக் கரையோரமாக ஈரோடு வரை நீண்டது. இந்திய மக்கள் இருப்பூர்தியில் ஏறுவார்களா என்று தொடக்கத்தில் ஐயுற்றோர் பலர். மக்களோ கூட்டங்கூட்டமாக ஏறினார்கள். பயணிகளால் கிடைத்த வருவாயில் பெரும்பகுதி, வசதி மிகக் குறைந்த மூன்றாம் வகுப்பிலிருந்தே வந்தது. அவ்வகுப்பில் தாமே பயணம் செய்து, அங்கே மக்கள் பட்ட துன்பங்களை 1917ஆம் ஆண்டில் காந்தியடிகள் எழுதி வெளியிட்டார். 1974ஆம் ஆண்டில் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் நீக்கப்பட்டது. ஆனால் குறைந்த கட்டணத்தில் மக்களைச் சுமந்து, சிறு நிலையங்களிலும் நின்று செல்லும் பயணி வண்டி இன்றும் நம்மிடையே உண்டு.

பள்ளிபாளையத்து மாணவர் பாலத்தைக் கடந்து ஈரோட்டுச் சந்திப்பை அடைந்தால், அவ்வண்டி அவருக்காகக் காத்திருக்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு 141 கிலோமீட்டர். அங்கிருந்து தஞ்சைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விரைவு வண்டியில் செல்வோர் இடைப்பட்ட ஊர்களை உறக்கத்தில் கடந்துவிடுவர். நின்று நின்று செல்லும் வண்டியில் அமர்ந்தவருக்கோ ஒவ்வொரு நிலையமும் ஒரு பாடம். கொடுமுடி, தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தலம். புகழூர் வருகிறது, அருகிலுள்ள ஆறுநாட்டார் மலையின் குகைத்தளத்தில் சேர மன்னர்களின் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சங்க இலக்கியத்தில் படித்த இரும்பொறை மரபினர் வெறும் கற்பனையல்லர் என்று காட்டிய சான்றுகளுள் அதுவும் ஒன்று. அடுத்து வரும் கரூர், சேரர் தலைநகராகிய வஞ்சி என்று அறிஞர் பலரும் கொள்ளும் ஊர். கொங்கு நாட்டில் ஏறியவர் சேரர் நகரைக் கடந்து, சோழ நாட்டில் இறங்குகிறார். இவ்வளவும் ஒரே பயணச் சீட்டின் விலைக்குள் அடங்குகிறது.

தஞ்சையில் இறங்கியபின் வாடகை வண்டி வேண்டுவதில்லை. பெரிய கோவில், அரண்மனை, நூல் நிலையம், கலைக்கூடம் ஆகிய அனைத்தும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. முதலில் பெரிய கோவிலுக்குச் செல்வோம். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை.

கட்டணம் இல்லை என்று சொல்லும்போது ஒன்றை மறத்தலாகாது. காசு கேட்காத கோவில்களே ஒரு காலத்தில் பிறப்பைக் கேட்டன. நெசவாலும் உழவாலும் பிற கைத்தொழில்களாலும் நாட்டைத் தாங்கிய மக்களுள் ஒரு பெரும் பகுதியினர் கோவில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டிலும் 1947ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட ஆலய நுழைவுச் சட்டங்களாலேயே அவ்வாயில்கள் எல்லாருக்கும் உரியவையாயின. ஆகவே, இன்று நீங்கள் அவ்வாயிலைத் தடையின்றிக் கடப்பதே வரலாற்றின் ஒரு பக்கம். அதை எண்ணிக்கொண்டே உள்ளே செல்லுங்கள்.

உள்ளே சென்றவுடன் எல்லாரும் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பர். ஏறத்தாழ 216 அடி உயரமுள்ள அதைப் பார்க்கவே வேண்டும். ஆனால் பார்த்தபின் கண்ணைத் தாழ்த்தி, அடித்தளத்தில் ஓடும் எழுத்து வரிசைகளைப் பாருங்கள். நேரத்தை விலைக்கு வாங்கி வந்த பயணிகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவர். உங்களுக்கோ அவசரமில்லை.

இக்கோவிலை எடுப்பித்தவர் யார் என்பதே நெடுங்காலம் மறந்து போயிருந்தது. கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் கூறிற்று. 1886ஆம் ஆண்டில் அரசாங்கக் கல்வெட்டு ஆய்வாளராக அமர்ந்த ஹுல்ட்சு என்னும் செருமானிய அறிஞரும், அவருக்குத் துணையாயிருந்து பின்னர் அப்பணியைத் தொடர்ந்த வெங்கையா அவர்களும் இவ்வெழுத்துகளைப் படித்து வெளியிட்டனர். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் எடுப்பித்த கற்றளி இது என்பது ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. மறந்துபோன மன்னனை மக்களுக்கு மீட்டுத் தந்தது எது? பரணியன்று, புராணமும் அன்று. கணக்கு!

ஆம் நண்பர்களே, தஞ்சைக் கோவிலின் சுவர் ஒரு பெரிய கணக்கேடு. தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கையார் கொடுத்தவற்றையும் தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும் ஏனையோர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு மன்னன் ஆணையிட்டான். தனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்கு அவன் அளித்த செப்புக் குடத்தின் எடை 3083 பலம்; அதன்மேல் போர்த்த பொன் 2926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைக் கவனியுங்கள். கங்கைமுதல் ஈழம்வரை பெயர் கேட்டால் நடுங்கும் மரபு ஒன்றைத் தோற்றுவித்த பேரரசன், அரைக் கழஞ்சைக் கணக்கில் விடவில்லை. பொன்னை நிறுப்பதற்கு ஆடவல்லான் என்னும் கல்; அணிகலன்களை நிறுப்பதற்குத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்; நெல்லை அளப்பதற்கு ஆடவல்லான் என்னும் மரக்கால். முத்தும் மணியும் எண்ணப்பட்டன; மஞ்சாடி, குன்றி என்னும் சிற்றளவு வரையில் நிறுக்கப்பட்டன.

பொருளை மட்டும் அவன் எண்ணவில்லை, ஆளையும் எண்ணினான். பல ஊர்க் கோவில்களிலிருந்து வந்து குடியேறிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அதில் எத்தனையாம் வீடு, அங்கு வாழ்பவள் பெயர் என்ன, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தாள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளது. ஒருத்திக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களுக்குப் பின்னே நட்டுவர், பாடுவோர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர், கன்னார் என்று வரிசை நீள்கிறது. அவ்வரிசையில் தையற்காரரும் உண்டு. துணியோடு வாழும் ஊரிலிருந்து சென்ற மாணவர் அவ்விடத்தில் ஒரு கணம் நிற்கலாம்.

ஒரு விளக்கு இரவும் பகலும் எரிவதற்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அவ்வுழக்கு நெய்க்காக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையர்களிடம் ஒப்புவிக்கப்பட்டன. கோவிலின் காசை ஊர்ச் சபையார் வட்டிக்குப் பெற்றனர். காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இறைவனை நீராட்டும் நீரை மணக்கச் செய்யும் ஏலக்காய்க்கும் சண்பக மொட்டுக்கும்கூட இப்படி முதல் ஒதுக்கப்பட்டது. விமானத்தின் உயரத்தில் மயங்கி நின்றுவிட்டால் இந்த ஆடுகளும் இடையர்களும் ஏலக்காயும் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் அவ்வுயரத்தைத் தாங்கி நிற்பவை இவைதாம்.

இங்கேதான் கைப்பொருள் குறைந்த மாணவரின் தகுதி விளங்குகிறது. பாவுக்கு இத்தனை இழை, ஊடைக்கு இத்தனை நூல், கூலி இவ்வளவு, அதில் அரிசிக்கு இவ்வளவு என்று எண்ணும் வீட்டில் வளர்ந்தவருக்கு இக்கல்வெட்டின் மொழி புதிதன்று. செலவைப் பற்றிக் கவலை இல்லாதவர் அரைக் கழஞ்சைப் படித்துவிட்டுச் செல்வார். சில்லறையை எண்ணிப் பழகியவரே அரைக் கழஞ்சின் அருமையை அறிவார்.

சிறுசெலவுப் பயணிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இக்கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வதுண்டு. பேருந்தில் வந்து அரைமணியில் திரும்புவோர் அதை நம்பிக்கொண்டே ஊர் திரும்புவர். நீங்கள் வெயில் சாயும்வரை அங்கேயே இருங்கள். நிழல் மெல்ல நீண்டு கல்தளத்தின்மேல் படிவதை உங்கள் கண்ணே காணும். அவ்வாறே, முன்னே அமர்ந்திருக்கும் பெருநந்தி சோழர் காலத்தது என்பர்; அது நாயக்கர் காலத்தது. வெளிச்சுற்றின் தென்மேற்குப் பகுதிக்குச் சென்றால் 1803ஆம் ஆண்டில் சரபோசி மன்னர் வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டைக் காணலாம். போன்சலே குடியின் வரலாற்றைக் கூறும் மிக நீண்ட கல்வெட்டு அது. கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியே சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். சோழர், நாயக்கர், மராத்தியர் ஆகிய மூன்று மரபினரும் ஒரே கோவிலில் தத்தம் கையெழுத்தை இட்டுச் சென்றுள்ளனர். 1987ஆம் ஆண்டில் இக்கோவில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது.

அருகிலுள்ள சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779ஆம் ஆண்டைச் சேர்ந்த தேவாலயம் ஒன்று உள்ளது. சரபோசி மன்னர் தம் இளமையில் தம்மைப் பேணிய சுவார்ட்சு பாதிரியாரின் நினைவாக, இங்கிலாந்துச் சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் அங்கே இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசிரியரின் கையைப் பற்றி மாணவராகிய மன்னர் நிற்கும் காட்சி அது.

பின்னர் அரண்மனைக்கு நடந்து செல்லலாம். அங்கே சிறு கட்டணங்கள் உண்டு. அதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். 1951ஆம் ஆண்டில் தோன்றிய கலைக்கூடத்தில், திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த விடைமேல் சாய்ந்தவராகிய சிவபெருமானின் செப்புத் திருமேனியைக் காணலாம். 1011ஆம் ஆண்டில் வார்க்கப்பட்டது அது. அதில் விடை இல்லை. சாய்ந்த கை மட்டுமே உண்டு. இல்லாத விடையையும் நம் கண் தானே கண்டுகொள்கிறது. சரசுவதி மகால் நூல் நிலையமும் அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. சரபோசி மன்னர் 1820ஆம் ஆண்டில் காசிக்குப் புறப்பட்டார். ஆயிரக்கணக்கான பரிவாரம் அவருடன் சென்றது. இரண்டாண்டு கழித்துத் திரும்பியபோது அவர் கொண்டுவந்த செல்வங்களுள் சுவடிகளும் சேர்ந்திருந்தன. மன்னர்தம் சுவடிச் செல்வம் 1918ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குரிய நூல் நிலையமாயிற்று. ஆயிரம் பேருடன் சென்று மன்னர் தேடியதை, தோளில் ஒரு பையுடன் வந்த நீங்கள் இன்று காண்கிறீர்கள்.

பயணத்திற்கு வேண்டுவன சிலவே. புளிச்சோறு ஒரு பொட்டலம், தண்ணீர், மாற்றுடை ஒன்று, மூத்தவர் ஒருவரின் துணை, ஒரு குறிப்பேடு, ஒரு கரிக்கோல். இரவு தங்க நேர்ந்தால் உறவினர் வீடோ எளிய விடுதியோ போதும். நண்பர் நால்வர் சேர்ந்து சென்றால் செலவு பகிர்ந்து குறையும். நண்பகல் வெயிலில் கோவில் தளத்தில் கால் சுடும். ஆகவே காலையிலும் மாலையிலும் கோவில், இடைப்பட்ட நேரத்தில் அரண்மனை என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் செலவை எழுதுங்கள்: வண்டிக்கு இவ்வளவு, கலைக்கூடத்திற்கு இவ்வளவு, தேநீருக்கு இவ்வளவு என்று ஒரு ரூபாயும் விடாமல் எழுதுங்கள். வலப்பக்கத்தில் கண்டவற்றை எழுதுங்கள். வீடு திரும்பியதும் இரு பக்கத்தையும் பெற்றோரிடம் காட்டுங்கள். கொடுத்தவர் பெயரையும் கொடுத்த பொருளையும் மறவாமல் எழுதி வைப்பது தஞ்சைக் கோவிலின் முறை. உங்களுக்காகத் தறியருகில் கூடுதலாக ஓர் இரவு நின்ற தந்தையின் பெயரும், சிறுவாட்டுப் பணத்தை எடுத்துத் தந்த தாயின் பெயரும் அந்த ஏட்டின் முதல் வரியில் இருக்கட்டும்.

அடுத்த ஆண்டும் அந்தத் தாள் வகுப்பில் சுற்றி வரும். அப்போதும் உங்களால் பெயர் எழுத இயலாமற் போகலாம். அதற்காக விருப்பமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். "நான் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன், பயணி வண்டியில் போவேன்" என்று சொல்லுங்கள். அச்சொல்லைக் கேட்டு, உங்களோடு வருவதற்கு இன்னும் மூவர் அந்த வகுப்பிலேயே எழுந்து நிற்பார்கள்.